நாலு தலைமுறை ரொட்டிக்கடை: வரலாறு எழுத உட்காருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் வரை பழைய ரொட்டிக்கடை வைத்திருக்கும் குடும்பங்களில், பேரன் பேத்திகள் யாராவது ஒருவர் இப்போது கடையின் கதையை எழுதிவைக்க நினைக்கிறார்கள். உட்கார்ந்ததும் எல்லோருக்கும் வருவது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம்.

தாத்தா ஆரம்பிச்சாரு, அப்பா நடத்துனாரு, இப்ப நான் நடத்துறேன். இதுல எழுதுறதுக்கு என்னங்க இருக்கு?

பெயர்களை மட்டும் எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ரொட்டிக்கடையின் வரலாறு நாலு இடங்களில் இருக்கிறது: அடுப்பு, மாவைப் பொங்கவைத்த பொருள், அளவு, கணக்கு நோட்டு. விறகு எது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, ஈஸ்ட்டுக்கு முன்னால் என்ன ஊற்றினார்கள், ஒரு மூட்டைக்கு எத்தனை ரொட்டி எடுத்தார்கள், யாருக்குக் கடன் கொடுத்தார்கள் என்று கேட்கத் தொடங்கினால் ஒவ்வொரு தலைமுறையும் தனித்தனியாகத் தெரியும்.

எங்கிருந்து ஆரம்பிக்கிறது? முதல்ல பழைய பேப்பரைத் தேடவா?

பேப்பர் காத்திருக்கும். முதலில் வயதான மாஸ்டரிடம் போங்கள், அடுத்து அடுப்பு, அதற்குப் பிறகு பேப்பர். முப்பது நாற்பது வருடம் மாவு பிசைந்த மாஸ்டர் பெரும்பாலும் குடும்பத்துக்கு வெளியே உள்ளவராக இருப்பார். அதனால் கடைசியாகத்தான் அவரைக் கேட்கத் தோன்றும். ஆனால் முதலாளிக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

போகும்போது கேள்வித்தாளோடு போகாதீர்கள். ஒரு பழைய ரொட்டி டின்னையோ தட்டையோ கையில் கொடுங்கள். "இதுல எவ்வளவு மாவு வைப்பீங்க?" என்ற ஒரு கேள்வி போதும், கை தானாக அளவு காட்டும், பேச்சு அதன் பின்னாலேயே வரும். பேசுவதை போனில் பதிவு செய்து, தேதியும் ஊரும் சொல்லி முடியுங்கள்.

எங்க பெரிய தாத்தா பாண், போறணைன்னுதான் சொல்லுவாராம். அப்ப நாங்க இலங்கையில இருந்து வந்தவங்களா?

தொழில் அங்கே கற்றது என்பதற்கு அது நல்ல அடையாளம். குடும்பம் அங்கிருந்து வந்தது என்பதற்கு அது மட்டும் போதாது. பாண் என்பது போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற சொல், இலங்கையில் ரொட்டிக்கு இன்றும் அதுதான் பெயர். ரொட்டி சுடும் அடுப்புக்கு அங்கே போறணை என்பார்கள். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடத் தொடங்கியபின், இந்தக் கரையிலிருந்து கொழும்புக்குப் போய்க் கடைகளில் வேலை பார்த்துத் திரும்புவது சாதாரணமாகிவிட்டது.

மூன்று வகையாகப் பிரித்துப் பாருங்கள். வேலைக்குப் போய்த் திரும்பியவர், 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர், 1983-க்குப் பின் அகதியாக வந்தவர். இரண்டாம் வகையென்றால் தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டையும் தொழில் கடன் தாள்களும் வீட்டில் இருக்கக்கூடும். மூன்றாம் வகையென்றால் மண்டபம் முகாம் பதிவு இருக்கக்கூடும். முதல் வகைக்குப் பழைய பாஸ்போர்ட்டும் கடிதங்களும்தான் சாட்சி. நோட்டில் மைதாவை "அந்தர்" கணக்கில் எழுதியிருந்தாலும் இலங்கைப் பழக்கம்தான்: ஒரு அந்தர் 112 ராத்தல், அதாவது சுமார் 50.8 கிலோ.

கடை எந்த வருஷம் ஆரம்பிச்சதுன்னு வீட்டுல ஆளுக்கொன்னு சொல்றாங்க. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒரே வருடத்தைப் பிடிக்க அலையாமல், "இதற்கு முன்னால் இல்லை, இதற்குப் பின்னால் இல்லை" என்று இரண்டு பக்கமும் வேலி போடுங்கள். பில், லேபிள், கல்யாணப் பத்திரிகை, பழைய போர்டு போட்டோ எல்லாவற்றிலும் தடயம் உண்டு. விலை அணாவில் இருந்தால் அது அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முன், நயா பைசா என்றால் அதற்குப் பின். முகவரியில் சென்னை மாநிலம் என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முன்னால் அச்சானது. பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகுதான். சிலோன் என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1972 மே மாதத்துக்கு முன்.

போர்டில் உள்ள எழுத்தையும் பாருங்கள். ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கை போல மேலே வளைந்த பழைய வடிவில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் எழுதியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பழைய கை ஓவியர்கள் அதற்குப் பிறகும் பல வருடம் அப்படியே எழுதினார்கள். ஆகவே இதைத் துணைச் சாட்சியாக மட்டும் வையுங்கள்.

ஆவணக் காப்பகத்தில் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இராமநாதபுரம் மாவட்டமே 1910-ல்தான் உருவானது. அதற்கு முந்தையவை மதுரை, திருநெல்வேலி மாவட்டப் பெயர்களில் இருக்கும். 1985 வரை சிவகங்கை, விருதுநகர் பகுதிகளும் இராமநாதபுரம்தான். பில்லில் "இராமநாதபுரம் மாவட்டம்" என்று இருப்பதால் மட்டும் கடை கடற்கரையில் இருந்தது என்று ஆகாது.

கணக்கு நோட்டுல இங்கிலீஷ் வருஷமே இல்ல. குரோதின்னு மட்டும் போட்டிருக்கு.

தமிழ் வருடப் பெயர் 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். குரோதி 1904–05, 1964–65, 2024–25 ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். விலையும் நாணயமும் எது என்று காட்டிக்கொடுக்கும். வருடம் சித்திரையில் பிறப்பதால் தை, மாசி, பங்குனிப் பதிவுகள் அடுத்த ஆங்கில வருடத்தில் விழும். இங்கேதான் பலரும் ஒரு வருடம் தவறுகிறார்கள்.

முஸ்லிம் குடும்பங்களின் நோட்டில் ஹிஜ்ரி ஆண்டு இருந்தால் அதை 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டுங்கள். ஏறக்குறைய ஆங்கில ஆண்டு கிடைக்கும். உதாரணமாக ஹிஜ்ரி 1384 என்பது 1964 மே மாதம் தொடங்கியது.

எங்க கடை தனுஷ்கோடியில இருந்துச்சு. புயல்ல ஒரு துண்டுப் பேப்பர்கூட மிஞ்சல. நாங்க எதை வச்சு எழுதுறது?

1964 டிசம்பர் 22, 23-ல் போனது உங்கள் பக்கத்துப் பிரதி மட்டும்தான். கடை யாரோடெல்லாம் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்ததோ அவர்கள் பக்கத்தில் இன்னொரு பிரதி இருந்திருக்கும். ராமேஸ்வரத்திலோ ராமநாதபுரத்திலோ மைதா, சர்க்கரை கொடுத்த மளிகைக் குடும்பத்தின் பேரேட்டைக் கேளுங்கள். இடம் பத்திரமாகியிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். தேவாலயத்தின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளிலும் ஜமாத் பதிவேடுகளிலும் சில இடங்களில் தகப்பனாரின் தொழிலும் எழுதியிருப்பார்கள்.

ஊராட்சி, நகராட்சி உரிமம் இன்னொரு வழி. 1920-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் நகராட்சிகளில் ரொட்டிச் சூளைக்கு டி அண்ட் ஓ லைசென்ஸ் (அபாயகரமான, தொல்லை தரும் தொழில்களுக்கான உரிமம்) வாங்க வேண்டியிருந்தது. உங்களிடம் இல்லாவிட்டாலும், புயலுக்குப் பின் பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ கடை போட்டபோது கொடுத்த மனுவில் "முன்பு தனுஷ்கோடியில்" என்று ஒரு வரி இருக்கலாம். அந்த ஒரு வரி கிடைத்தால் போதும்.

விறகு அடுப்பை இடிச்சுட்டு டீசல் அடுப்பு வைக்கப் போறோம். அதுக்கு முன்னாடி என்னென்ன எழுதி வைக்கணும்?

இதைக் கேட்டு வந்தவர்களுக்கு எங்கள் வேண்டுகோள்: இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். இடித்தபின் யாராலும் திரும்பச் சொல்ல முடியாத விஷயம் இது ஒன்றுதான்.

உள் அகலம், ஆழம், நடுக்கூரையின் உயரம், வாய் அகலம், வாய் உயரம் ஆகிய ஐந்தையும் சென்டிமீட்டரில் அளங்கள். நல்ல அடுப்பில் வாய் உயரம் கூரை உயரத்தில் ஏறக்குறைய 63 சதவீதம் இருக்கும். கூரை 60 என்றால் வாய் 38. வாய் அதற்கு மேல் உயர்ந்திருந்தால் சூடு ஓடிவிடும், குறைந்திருந்தால் புகை திரும்பும். உங்கள் அடுப்பு இந்தக் கணக்கில் இல்லையென்றால், எப்போதோ வாயை மாற்றிக் கட்டியிருக்கக்கூடும். கொத்தனார் வேலை தெரியும் இடத்தில் செங்கல் நிறம் வேறுபடும், அதைப் போட்டோ எடுங்கள்.

இடிக்கும்போது கூடவே நில்லுங்கள். தளச் செங்கலுக்குக் கீழே என்ன நிரப்பியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும்: மணல், கல்லுப்பு, உடைந்த கண்ணாடி, ஓட்டாஞ்சல்லி. ஒவ்வொரு அடுக்கும் எத்தனை விரல்கடை என்று குறியுங்கள். சூட்டைப் பிடித்துவைத்தது அந்த அடுக்குகள்தான்.

பிறகு விறகு. ஒரு நாள் எடை போட்டு எரியுங்கள். இந்தப் பக்கம் இப்போது எல்லாம் சீமைக்கருவேலம். அது பரவுவதற்கு முன் உடைமரமும் பனைமட்டையும் எரித்தார்கள். பழைய வள்ளப் பலகையை எரித்த கடைகளும் உண்டு. அதில் உள்ள தார், பெயின்ட், உப்பு எல்லாம் புகையாகி ரொட்டியில் ஏறும். அதை எழுதும்போது தவறு என்றே எழுதுங்கள்.

அந்தக் காலத்துல பொறை, வெண்ணெய் பிஸ்கட், டீ கேக்னு எவ்வளவோ போட்டாங்க. இப்ப பன்னும் கேக்கும்தான். ஏன் நின்னுபோச்சு?

அந்தப் பட்டியல், விறகு அடுப்பு எப்படி ஆறியது என்பதன் பட்டியல். இரண்டு மூன்று மணி நேரம் எரித்ததும் கூரையில் படிந்த கரி தானே எரிந்து செங்கல் வெளுக்கும். தணலை வாரிவிட்டு, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்து, அரை மணி மூடிவைத்தால் சூடு சமமாகும். ஒரு பிடி மைதாவைத் தளத்தில் தூவுவார்கள். உடனே கருகினால் பொறுக்க வேண்டும், நிதானமாகச் சிவந்தால் மாவு உள்ளே போகலாம்.

230 டிகிரிப் பக்கம் முதலில் பன்னும் ரொட்டியும். 180-க்கு இறங்கியதும் கேக். 160-ல் பிஸ்கட். ராத்திரி முழுக்க 120-க்குக் கீழே ஆறும் அடுப்பில், வெட்டி அடுக்கிய ரொட்டித் துண்டு காய்ந்து ரஸ்க்காகவும் பொறையாகவும் ஆகும். கடைசிச் சூட்டுக்குக் காசு இல்லை, ஆகவே ரஸ்க்கைக் காயவைக்கத் தனிச் செலவே இல்லை. கடலுக்குப் போகிறவர்களுக்கு அது நாலு நாள் தாங்கும். டீசல், கரன்ட் அடுப்பில் அதே ரஸ்க்கைக் காயவைக்கத் தனியாக எரிக்க வேண்டும், கட்டுப்படியாகவில்லை. ருசி மாறியதால் மக்கள் விட்டார்கள் என்று எழுதிவிடாதீர்கள். முதலில் அடுப்பு மாறியதா, விற்பனை குறைந்ததா என்று தேதி வைத்துப் பாருங்கள்.

மாஸ்டருக்குக் கை அளவுதான். கிராம் கேட்டா கோபப்படுறாரு.

அவரிடம் அளவு கேட்கவே வேண்டாம். அவர் வேலை செய்யட்டும், நீங்கள் எடை போடுங்கள். வேலைக்கு முன் மைதா மூட்டை, சர்க்கரை டின், உப்பு டப்பா, தண்ணீர் வாளி ஒவ்வொன்றையும் எடை போட்டு, முடிந்ததும் மறுபடி போடுங்கள். குறைந்ததுதான் அளவு. மூன்று நாள் செய்து சராசரி எடுங்கள். ஒரு நாள் போதாது, மழைக்காற்று அடிக்கும் நாளில் அவர் கை தானாகவே தண்ணீரைக் குறைக்கும்.

பிறகு மைதாவை 100 என்று வைத்து மற்றவற்றை எழுதுங்கள். சாதாரணச் சதுர ரொட்டிக்கு 10 கிலோ மைதா, 6 லிட்டர் தண்ணீர், 200 கிராம் உப்பு, 500 கிராம் சர்க்கரை, 300 கிராம் டால்டா, 100 கிராம் உலர் ஈஸ்ட் என்றால் மொத்தம் 17.1 கிலோ மாவு. 400 கிராம் ரொட்டிக்கு 450 கிராம் மாவு வைக்க வேண்டும், ஏனென்றால் சூட்டில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் ஆவியாகும். ஆக 38 ரொட்டி. பழைய நோட்டில் இதே மைதாவுக்கு 42 என்று இருந்தால், ரொட்டி சின்னது அல்லது தண்ணீர் அதிகம். பஞ்ச காலமா, விலைக் கட்டுப்பாட்டுக் காலமா என்று அந்தத் தேதியைத் தேடிப் பாருங்கள்.

நோட்டுல ராத்தல், வீசை, பலம்னு கிடக்கு. இதை எப்படி மாத்துறது?

ராத்தல் 454 கிராம், அவுன்ஸ் 28 கிராம், பலம் சுமார் 35 கிராம். 40 பலம் ஒரு வீசை, சுமார் 1.4 கிலோ. 8 வீசை ஒரு மணங்கு, சுமார் 11.3 கிலோ. படியை மட்டும் கிலோவாக மாற்றாதீர்கள். படி ஊருக்கு ஊர் மாறும், மைதாவைத் தட்டி அளப்பதும் தட்டாமல் அளப்பதும் வேறு. அந்தக் கடையின் படியே வீட்டில் இருந்தால் அதில் மைதா அள்ளி எடை போடுவதுதான் ஒரே வழி.

முன்னெல்லாம் கள்ளு ஊத்தித்தான் மாவு பொங்க வச்சாங்கன்னு சொல்றாங்க. நெசமா? குடும்பப் பேரு கெட்டுறாதா?

நிஜம்தான், வெட்கப்பட ஒன்றும் இல்லை. பனங்கள்ளிலும் தென்னங்கள்ளிலும் இயற்கையாகவே ஈஸ்ட் இருக்கிறது. பாக்கெட் ஈஸ்ட் வருவதற்கு முன் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் ரொட்டிக்காரர்கள் அதைத்தான் பயன்படுத்தினார்கள். அடுப்புச் சூட்டில் சாராயச் சத்து பெரும்பாலும் ஆவியாகிவிடும். காலையில் இறக்கிய கள்தான் உதவும். மாலைக் கள் புளித்து மாவை இளக்கிவிடும்.

1948-க்குள் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்ததும் கடைகள் முதல் நாள் மாவில் ஒரு பிடி எடுத்துவைக்கும் முறைக்கோ வேறு ஈஸ்ட்டுக்கோ மாறின. உங்கள் கடை எப்போது மாறியது என்பது பெரிய செய்தி, தேடி எழுதுங்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பதால், அந்த ருசியைச் செய்துபார்க்க வேறு வழி: 4 கிலோ மைதா, 2.4 லிட்டர் தண்ணீர், 4 கிராம் மட்டும் உலர் ஈஸ்ட், கொஞ்சம் கருப்பட்டித் தண்ணீர் சேர்த்து ராத்திரி எட்டு மணி நேரம் புளிக்கவிட்டு, காலையில், மேலே சொன்ன 10 கிலோ கணக்கில் மீதி 6 கிலோ மைதா, மீதித் தண்ணீர், உப்பு, சர்க்கரை, டால்டாவோடு பிசையுங்கள்.

அப்பா காலத்துல ஒரு கோடையில ரொட்டி எல்லாம் நூல் விட்டு நாறிப்போச்சாம். யாரோ செய்வினை வச்சாங்கன்னு பாட்டி சொல்றாங்க.

பாட்டி பார்த்தது உண்மை. பிய்த்தால் உள்ளே சிலந்தி வலை போல நூல் இழுக்கும், பழுத்த முலாம்பழம் போல வாடை வரும். மைதாவிலும் மரத்தொட்டியின் இடுக்கிலும் இருக்கும் ஒரு வகை பாசில்லஸ் கிருமியின் விதைகள் அடுப்புச் சூட்டிலும் சாகாமல் பிழைத்து, கடற்கரைப் புழுக்கத்தில் ஒன்றிரண்டு நாளில் ரொட்டியின் உள்ளே பெருகுவதுதான் காரணம்.

இதில் வரலாறும் இருக்கிறது. முந்தைய கேள்வியில் சொன்ன கள் ரொட்டியும் பழைய மாவு ரொட்டியும் புளிப்பானவை. புளிப்பில் இந்தக் கிருமி வளராது. பாக்கெட் ஈஸ்ட் வந்து இரண்டு மணி நேரத்தில் ரொட்டி எடுக்கத் தொடங்கியதும் புளிப்பு போனது, நூல் வந்தது. ஆகவே வீட்டில் சொல்லும் அந்தக் கோடை, கடை ஈஸ்ட்டுக்கு மாறியதற்கு ஒன்றிரண்டு வருடத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அன்று பலர் தொட்டியை வினிகரால் கழுவித் தப்பித்தார்கள். சிலர் கைகள் தேய்த்துத் தேய்த்து விளிம்பு குழிந்துபோன நல்ல தொட்டிகளை விறகாக்கிவிட்டார்கள்.

அதே அளவுல மதுரையில பண்ணுனா ரொட்டி வேற மாதிரி வருது. ஏன்?

தண்ணீர். இந்தக் கரையில் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் ஊற்றுத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும்தான். லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள தண்ணீர் என்றால் 6 லிட்டரில் 12 கிராம். ஆகவே பழைய மாஸ்டர்கள் 200-க்குப் பதில் 185, 190 கிராம்தான் உப்பு போட்டிருப்பார்கள். கடினத் தண்ணீர் மாவை இறுக்கிப் பொங்குவதையும் தாமதப்படுத்தும். உங்கள் நோட்டின் அளவோடு எந்தக் கிணறு என்பதையும் எழுதுங்கள், அது இல்லாமல் அளவு பாதிதான்.

கீழக்கரையில எங்க கடையில தொதலும் விக்கிறோம். அதைப் பேக்கரி வரலாத்துல சேக்கலாமா?

தாராளமாக. தொதல் அடுப்பில் வேகும் பண்டம் இல்லை. அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுவது. மலாய் நாட்டு தொதோல், இலங்கையின் தொதல், கீழக்கரைத் தொதல் எல்லாம் ஒரே கடல் வழியில் உறவானவை. கேக்குக்குப் பக்கத்தில் அது எப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் வந்தது, வீட்டில் கிண்டியது யார் என்று எழுதுங்கள்.

உம்மா ஒரு நாளும் கடைக்கு வந்ததில்ல. அவங்க பேரை எதுக்குச் சேக்கணும்?

தொதல் கிண்டியது யார்? ரஸ்க்குக்கு ரொட்டி வெட்டியது, பிஸ்கட்டை எண்ணி டின்னில் அடுக்கியது, ராத்திரி உட்கார்ந்து சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றியது யார்? கணக்கு நோட்டில் இரண்டு கையெழுத்து இருந்தால் ஒன்று பெரும்பாலும் வீட்டுப் பெண்ணுடையது. நெருக்கடியில் நகை அடகு வைத்த ரசீதுகள் பீரோவில் இருக்கும். கடைக்கு வந்த முதலீடு அதுதான். அந்தப் பெயர்கள் இல்லாத வரலாற்றை நாங்கள் முழுமையானதாக எண்ணமாட்டோம்.

பழைய நோட்டு பொடிப்பொடியா உதிருது. லேமினேஷன் பண்ணிரலாமா?

வேண்டவே வேண்டாம். சூடும் பிளாஸ்டிக்கும் தாளைக் கெடுக்கும், திரும்ப எடுக்கவும் முடியாது. ஜன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், பக்கம் பக்கமாகப் போட்டோ எடுங்கள். நெய் படிந்த பெருவிரல் ரேகையும் பதியட்டும், துடைக்காதீர்கள். பக்கங்களுக்கு இடையே வெள்ளைத் தாள் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். உப்புக் காற்றில் பொட்டலம் சீக்கிரம் ஈரம் குடித்துவிடும், மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும்.

அப்பா காலத்துல மாவுல பொட்டாசியம் புரோமேட் போட்டாங்க. அதையும் எழுதணுமா?

எழுதுங்கள், தேதியோடு. ரொட்டி உப்பலாக வர நாடு முழுக்கப் போட்ட பொருள் அது. இந்தியாவில் 2016-ல்தான் தடை வந்தது. அதற்கு முன் அனுமதிக்கப்பட்டது, பின்னர் நிறுத்தினோம் என்ற இரண்டு வரி போதும். மறைத்தால் நோட்டில் உள்ள அளவு யாருக்கும் புரியாது.

போர்டுல 1938 முதல்னு போடலாமா? சித்தப்பா மகனும் அதே பேருல கடை வச்சு, அவரும் அதைத்தான் போட்டிருக்காரு.

வேலி போட்டுக் கண்டுபிடித்த வருடம் வேறு, போர்டில் போடும் வருடம் வேறு. வணிகச் சின்னம் பதிவு செய்ய மனுப் போடும்போது முந்தைய பயன்பாட்டைக் கோரினால் பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் கேட்பார்கள். பதிவு இல்லாவிட்டாலும் முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்துபவருக்கு 1999 வணிகச் சின்னச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. ஆகவே சான்று இல்லாத வருடத்தைப் போட்டுவைத்தால் பின்னால் உங்களுக்கே எதிராகத் திரும்பலாம்.

இரண்டு கடையும் ஒரே தாத்தாவின் கடையிலிருந்து பிரிந்தவை என்றால் 1938 இரண்டு பேருக்கும் சொந்தம். பாகப் பத்திரத்தில் கடைப் பெயர் யாருக்கு என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுப்பு, டின், இடம் எல்லாம் எழுதிவிட்டுப் பெயரை மட்டும் விட்டிருப்பார்கள். அப்படியானால் வக்கீலிடம் போவதற்கு முன் சித்தப்பா வீட்டுக்குப் போங்கள். நோட்டில் பாதி அவர்களிடம்தான் இருக்கும்.

அப்பா போன மாசம் தவறிட்டாங்க. உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் அவங்க பேருல இருக்கு. கடையைத் திறக்கலாமா?

இறந்த நாளிலிருந்து 90 நாள் வரை அந்த உரிமம் வாரிசுகளுக்குச் செல்லும். அதற்குள் பெயர் மாற்ற மனுக் கொடுத்துவிடுங்கள். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் தயாராக இருக்கட்டும். மாற்றியபின் பழைய உரிமத்தைக் கிழித்துப் போடாமல், நகராட்சியின் பழைய டி அண்ட் ஓ ரசீதுகளோடு அதே டப்பாவில் வையுங்கள்.